திருச்சி: ரெண்டு அணைக்கு நடுவுல ஒரு ஊர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க சுருக்கியிருக்கேன்.)

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு மெசேஜ்: "ப்ரோ, சனி ஞாயிறு திருச்சி போறோம், என்னென்ன பாக்கலாம், லிஸ்ட் போடுங்க."

லிஸ்ட் போடறது ஈஸி. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், முக்கொம்பு, கல்லணை. அவ்ளோதான், எபிசோட் முடிஞ்சுது. ஆனா இந்த லிஸ்ட்டை வச்சுக்கிட்டுப் போனா ரெண்டு கோயில், ஒரு மலை, ரெண்டு பிக்னிக் ஸ்பாட் பாத்த மாதிரிதான் இருக்கும். அஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு தெரியாமலே ரயில் ஏறிடுவீங்க.

சம்பந்தம் இருக்கு. அஞ்சும் ஒரே ஆத்தோட கதை. அதனால இன்னைக்கு ஊரை ஆறு ஓடுற திசையில சுத்தப் போறோம். மேற்கே ஆறு பிரியுற இடத்துல ஆரம்பிச்சு, கிழக்கே பிரிஞ்ச ரெண்டும் திரும்பக் கிட்ட வர்ற இடத்துல முடிக்கலாம்.

முதல்ல மேப்பைத் திறங்க

போன்ல மேப்பைத் திறந்து சேட்டிலைட் வியூ போடுங்க. திருச்சிக்கு மேற்கே, ஊர்ல இருந்து கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர்ல, ஒரே அகலமான ஆறா வர்ற காவிரி ரெண்டாப் பிரியுது. தெற்குப் பக்கம் போறது காவிரிங்கற பேரோடவே போகுது. வடக்குப் பக்கம் போறதுக்குப் பேரு கொள்ளிடம். ரெண்டுக்கும் நடுவுல நீளமா ஒரு தீவு. அந்தத் தீவுலதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கு. மலைக்கோட்டை தெற்குக் கரையில, திருச்சி டவுனுக்குள்ள.

இப்போ முக்கியமான விஷயம். இந்த ரெண்டு ஆறும் சமம் கிடையாது. கொள்ளிடத்தோட படுகை தாழ்வா இருக்கு. கடலுக்குப் போற வழியும் நேரானது, சரிவும் ஜாஸ்தி. தண்ணிக்கு எது ஈஸியோ அந்த வழியாத்தான் அது போகும். அதனால சும்மா விட்டா காவிரித் தண்ணி கொள்ளிடம் பக்கம்தான் சாயும். ஆனா தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம்னு டெல்டாவுல வயலுக்குப் போற வாய்க்கால் எல்லாம் காவிரி பக்கம்தான் பிரியுது.

அப்போ இந்த ஊரோட ஆதிப் பிரச்சினை இதுதான்: தண்ணியைக் காவிரியிலேயே நிறுத்தி வைக்கணும். அதே சமயம் வெள்ளம் வந்தா அதைக் கொள்ளிடத்துல தள்ளிவிடணும். ஏன்னா டெல்டா வாய்க்கால்கள் அவ்ளோ தண்ணியைத் தாங்காது. சாதாரண நாள்ல மூடு, வெள்ளத்துல திற. கேக்கறதுக்கு ரெண்டு வரி கண்டிஷன்தான். அதை மணல்லயும் கல்லுலயும் எழுதறதுக்குத்தான் ரெண்டாயிரம் வருஷம் ஆகியிருக்கு.

முக்கொம்பு: 182 வருஷம் நின்ன கதவு

சனிக்கிழமை காலையில முதல் வேலையா முக்கொம்பு. பார்க் இருக்கும், பசங்க விளையாடுவாங்க, மீன் வறுவல் வாசனை வரும். அதெல்லாம் சரி. அங்க போய் ஒரு நிமிஷம் கொள்ளிடம் பக்கம் இருக்கற கட்டுமானத்தைப் பாருங்க. அதுதான் மேலணை.

1800களோட தொடக்கத்துல கொள்ளிடம் ஆழமாகிட்டே போச்சு, காவிரியில மணல் மேடிட்டே வந்துச்சு. தஞ்சாவூருக்குப் போற தண்ணி குறைய ஆரம்பிச்சுது. இதைச் சரி பண்ண வந்த ஆள் ஆர்தர் காட்டன்னு ஒரு இன்ஜினியர். 1836ல இந்த மேலணை வேலையை ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 33. கொள்ளிடத்தோட வாசல்ல குறுக்கே ஒரு அணை. தண்ணியைத் தேக்கி வைக்கறது இதோட வேலை இல்லை, திசை திருப்பறதுதான் வேலை. கொள்ளிடத்துக்குப் போற வழியில ஒரு வாசப்படியைக் கட்டி வச்சா, தண்ணி காவிரி பக்கம் திரும்பிடும்.

அந்த அமைப்பு 182 வருஷம் வேலை செஞ்சுது. 2018 ஆகஸ்ட்ல கர்நாடகாவுல நல்ல மழை, மேட்டூர் நிரம்பி வழிஞ்சுது, கொள்ளிடத்துல பெரு வெள்ளம். ஆகஸ்ட் 22 ராத்திரி மேலணையோட மதகுகள் உடைய ஆரம்பிச்சுது. மொத்தம் 45ல 9 மதகு அடிச்சுட்டுப் போச்சு. அதுக்குச் சில நாள் முன்னாடிதான், அதே வெள்ளத்துல, திருவானைக்காவல் பக்கம் கொள்ளிடத்து மேல 1928ல கட்டின பழைய இரும்புப் பாலத்தோட தூண்களும் சரிஞ்சுது.

இதுல ஒரு விசித்திரம் பாருங்க. ஆறு நிறைய தண்ணி ஓடிட்டிருக்கு, ஆனா டெல்டா விவசாயிகளுக்கு வயித்துல புளியைக் கரைக்குது. ஏன்? கதவு போயிடுச்சுன்னா தண்ணி கொள்ளிடம் வழியா நேரா கடலுக்குப் போயிடும். வெள்ளம் வடிஞ்சப்புறம் காவிரிக்கு என்ன மிஞ்சும்? பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அவசரமா அடைச்சாங்க. அப்புறம் பக்கத்துலேயே புதுக் கதவணை கட்டினாங்க. நீங்க இப்போ போனா பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல பாக்கலாம். கண்டிப்பாப் பாருங்க.

நான் ஆபீஸ்ல மெயின்டனன்ஸ் டீம்ல இருக்கறவன். புதுசா ஒண்ணு லான்ச் ஆனா கேக் வெட்டுவாங்க. ஏற்கெனவே ஓடிட்டிருக்கறதைக் கீழ விழாமப் பாத்துக்கிட்டவனுக்குக் கேக் கிடையாது. அதனாலயோ என்னவோ, எனக்குத் திருச்சியில ரொம்பப் பிடிச்ச இடம் முக்கொம்புதான். "ஓடுதுல்ல, விடு"ன்னு எந்த சிஸ்டத்தையும் விட முடியாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியலை.

மலைக்கோட்டை: காவிரியைப் பாக்க ஒரு பால்கனி

மதியம் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க. வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல மலைக்கோட்டைக்குப் போங்க. மதியம் போனா அந்தப் பாறைச் சூட்டுல கால் பொசுங்கிடும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடந்தே போயிடலாம். சின்னக் கடை வீதி நெரிசலுக்குள்ள, துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவுல, திடீர்னு மலையோட வாசல் வரும். 83 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை. கீழ மாணிக்க விநாயகர், நடுவுல தாயுமானவர், உச்சியில உச்சிப் பிள்ளையார். படிக்கட்டு நானூத்துக்கு மேல.

விபீஷணன் ரங்கநாதரை இலங்கைக்குத் தூக்கிட்டுப் போனப்போ, பிள்ளையார் சின்னப் பையனா வந்து சிலையை ஆத்தங்கரையில வச்சுட்டு மலை மேல ஓடி வந்த கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாட்டி சொன்ன கதைதான். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொண்ணு சொல்றேன்.

உச்சிக்குப் போற வழியில ஒரு குடைவரை இருக்கு. 7ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைஞ்சது. உள்ள கங்காதரர் சிற்பம்: சிவன் தன்னோட சடையில கங்கையைத் தாங்கற காட்சி. பக்கத்துத் தூண்கள்ல கிரந்த எழுத்துல சமஸ்கிருதக் கல்வெட்டு. அதுல ஒரு செய்யுளோட சாரம் இது: தரையில ஒரு கோயில்ல நின்னுக்கிட்டு நான் எப்படி சோழ நாட்டையும் காவிரியையும் பாக்கறதுன்னு சிவன் கேட்டாராம். அதுக்காகத்தான் ராஜா இந்த மலை மேல கோயில் அமைச்சுக் கொடுத்தாராம். இன்னொரு செய்யுள் இன்னும் ஜாலி. சிவனுக்கு ஆறுன்னா ஆசை. ஏற்கெனவே தலையில கங்கை. இப்போ காவிரியையும் பாத்து மயங்கிடுவாரோன்னு பார்வதி பயந்து, அப்பா வீட்டை விட்டுட்டு இந்த மலையிலேயே குடி வந்துட்டாங்களாம்.

அரசியல் பார்வையில இது, பல்லவன் சோழ நாட்டைப் பிடிச்சுட்டேன்னு அறிவிக்கற விதம். ஆனா பாருங்க, 1400 வருஷத்துக்கு முன்னாடியே இந்த மலை ஏறறதுக்குக் காரணம் "மேல இருந்து காவிரியைப் பாக்கலாம்"னுதான். அந்தக் குகையில பெரும்பாலும் கூட்டமே இருக்காது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கிட்டு உச்சிக்குப் போறதுலயே குறியா இருப்பாங்க. நீங்க நில்லுங்க.

அப்புறம் உச்சிக்குப் போங்க. வடக்குப் பக்கம் திரும்பினா கிட்டத்துல காவிரி, அதுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவுல ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதுக்கும் அப்பால கொள்ளிடம். காலையில மேப்ல பாத்த தீவு இப்போ கண்ணு முன்னாடி.

ஸ்ரீரங்கம்: தெருவே கோயில்

ஞாயிறு காலை சீக்கிரம் எந்திரிங்க. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல இருந்து 1ஆம் நம்பர் பஸ். சத்திரம் தாண்டி, காவிரிப் பாலம் ஏறினதும் ஜன்னல் பக்கம் பாருங்க. இப்போ நீங்க ஒரு தீவுக்குள்ள போறீங்க.

நேராக் கோயிலுக்குப் போகாம முதல்ல அம்மா மண்டபம் படித்துறைக்குப் போங்க. தர்ப்பணம் குடுக்கறவங்க, குளிக்கறவங்க, பொரி போட்டு மீனுக்குத் தீனி வைக்கற குழந்தைங்கன்னு காலையிலேயே அந்த இடம் முழிச்சுடும். ஆடி மாசத்துல நம்பெருமாள் இங்க எழுந்தருளி, காவிரித் தாய்க்குச் சீர் கொடுப்பார். புடவை, மஞ்சள், குங்குமம் எல்லாம் ஆத்துல விடுவாங்க. கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு ஆடிச் சீர் அனுப்பற மாதிரி, ஆத்துக்கும் சீர்.

கோயில் 156 ஏக்கர். ஏழு பிராகாரம், 21 கோபுரம். மத்த கோயில்ல வெளியில இருந்து உள்ள போவோம். இங்க "உள்ள" எங்க ஆரம்பிக்குதுன்னே குழப்பமா இருக்கும். காரணம், வெளிப் பிராகாரங்கள் மூணும் தெருக்கள். மதிலுக்கு உள்ள வீடு இருக்கு, காப்பிக் கடை இருக்கு, மளிகைக் கடை இருக்கு, பைக் பார்க்கிங் இருக்கு. சித்திரை வீதி, உத்திரை வீதின்னு அட்ரஸ்லயே பிராகாரம் வரும்.

தெற்குல இருக்கற ராஜகோபுரம் 236 அடி உயரம், 13 நிலை. அண்ணாந்து பாக்கும்போது ஆயிரம் வருஷப் பழசுன்னு தோணும். ஆனா அதை முடிச்சது 1987ல. விஜயநகர காலத்துல அடித்தளம் போட்டு, நின்னு போய், பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமாவே இருந்துச்சு. அகோபில மடத்தோட 44ஆவது ஜீயர் முயற்சி எடுத்து, ஊர்ஊரா நன்கொடை திரட்டித்தான் அது முழுசாச்சு. ஒரு தலைமுறை விட்ட வேலையை இன்னொரு தலைமுறை எடுத்து முடிச்சிருக்கு. பின்னாடி கோயில்ல நடந்த சீரமைப்பு வேலைக்கு 2017ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருதும் கிடைச்சுது.

உள்ள நேரம் இருந்தா சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளை விட்டுடாதீங்க. கல்லுல அந்தக் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்கறதைப் பாத்தா நாம ஒரு அடி பின்னாடி போவோம்.

திருவானைக்காவல்: தரைக்கடியில ஒரு ஆறு

ஸ்ரீரங்கத்துல இருந்து ஆட்டோவுல ரொம்பக் கிட்ட. சர் சி. வி. ராமன் பிறந்த ஊர் இது, 1888ல. பஞ்சபூதத் தலங்கள்ல இது நீர்த் தலம், அதாவது அப்பு லிங்கம். கருவறை தாழ்வா இருக்கும். லிங்கம் இருக்கற இடத்துல தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

பக்தியோட பாக்கறவங்களுக்கு அது ஜலமாவே இருக்கற சிவன். இன்ஜினியரிங் கண்ணோட பாத்தா இன்னொரு அர்த்தமும் சேரும். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவுல மணல் பூமி. ரெண்டு ஆத்துத் தண்ணியும் தரைக்கடியில ஊறி வந்து நிலத்தடி நீர்மட்டத்தை மேல தூக்கி வைக்குது. ஒரு பார்வை இன்னொண்ணை ரத்து பண்ணணும்னு அவசியம் இல்லை. பன்னிரண்டு மணி வாக்குல உச்சிக்கால பூஜை நடக்கும். அர்ச்சகர் புடவை கட்டிக்கிட்டு, அகிலாண்டேஸ்வரியாவே வந்து சிவனுக்குப் பூஜை பண்ணுவார். நேரத்தை அதுக்கு ஏத்த மாதிரி பிளான் பண்ணிக்குங்க.

கல்லணை: வாட்ஸ்அப் சொல்லாதது

கடைசியா, சாயங்காலம், கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனா கல்லணை. தீவோட முடிவுல காவிரியும் கொள்ளிடமும் திரும்ப ரொம்பக் கிட்ட வந்துடுது. இங்க காவிரியோட மட்டம் உசரம், கொள்ளிடம் பள்ளம். முக்கொம்புல கஷ்டப்பட்டுக் காவிரிக்குத் திருப்பின தண்ணி, இங்க மறுபடியும் கொள்ளிடத்துல போய் விழப் பாக்கும். அதைத் தடுக்கறதுதான் கல்லணை. அதாவது, ரெண்டு அணைக்கும் வேலை ஒண்ணுதான். ஒண்ணு தீவோட தலைமாட்டுல, இன்னொண்ணு கால்மாட்டுல.

கரிகாலன் பேரோட சேத்துச் சொல்ற இந்த அணைக்கு வயசு ஏறக்குறைய 2ஆம் நூற்றாண்டுல இருந்து கணக்கு. அடியில பாறை கிடையாது, ஆழம் தெரியாத மணல். கடற்கரையில அலையில நின்னா கால் மெல்ல மணலுக்குள்ள இறங்கும் இல்ல? அதே தத்துவம். பெரிய கல்லைப் போட்டா தண்ணி அதைச் சுத்தி மணலை அரிக்கும், கல் உள்ள இறங்கும். அது மேல இன்னொரு கல். இறங்கி இறங்கி ஒரு கட்டத்துல அசையாம நிக்கும். நடுவுல களிமண். மணல்ல எப்படி அஸ்திவாரம் போடறதுன்னு இந்தப் பழைய கட்டுமானத்துல இருந்துதான் கத்துக்கிட்டோம்னு காட்டனே பின்னாடி எழுதியிருக்கார். அதே வித்தையை வச்சுத்தான் கோதாவரியில தவளேஸ்வரம் அணையை அவர் கட்டினார்.

"ரெண்டாயிரம் வருஷமா அப்படியே நிக்குது, ஒரு விரிசல் கூட இல்லை"ன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வரும். பெருமையாத்தான் இருக்கு. ஆனா "அப்படியே" இல்லை. 19ஆம் நூற்றாண்டுல இதோட உயரத்தைக் கூட்டினாங்க. மணலை வெளியேத்த அடிமதகு வச்சாங்க. பின்னாடி காவிரிக்கும் வெண்ணாத்துக்கும் தனித்தனியா கதவணை கட்டினாங்க. 1934ல மேட்டூர் அணையோட சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்துச்சு. தஞ்சாவூர் ஊருக்குள்ள பாக்கற புது ஆறு அதுதான். இன்னைக்கு நீங்க போனா நாலு வழி பாக்கலாம்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்.

கல்லணை யாரும் தொடாததால நிக்கலை. ஒவ்வொரு காலத்துலயும் யாரோ ஒருத்தர் தொட்டதாலதான் நிக்குது. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. "அந்தக் காலத்துல கட்டினது, ஒண்ணும் ஆகாது"ன்னு நம்பற இடத்துலதான் யாரும் போய்ச் செக் பண்ண மாட்டாங்க. ஆத்துல மணல் அள்ள அள்ளப் படுகை இறங்கும், பாலத்துக்கும் அணைக்கும் அடியில பிடிமானம் குறையும். அதை மேல இருந்து பாத்தாத் தெரியாது.

சென்னையில இருக்கற நமக்கென்னன்னு நினைக்காதீங்க. கொள்ளிடத்துல போற தண்ணி கீழணையில திரும்பி, வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போகுது. 2004ல இருந்து அங்கிருந்து குழாய்ல சென்னைக்கு வருது. உங்க தெருவுக்கு வீராணம் தண்ணி வந்தா, அது திருச்சியைத் தாண்டி வந்த தண்ணி.

எப்போ போகலாம்

மேட்டூரை வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, ஜனவரி 28 மூடுவாங்க. இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். தண்ணி கல்லணைக்கு வர சில நாள் ஆகும். அதனால ஜூலையில இருந்து ஜனவரி வரைக்கும் ஆறு ஆறா இருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரல், மே போனா மணல்தான். அதுவும் பாக்க வேண்டிய காட்சிதான்னு நான் சொல்வேன்.

ஒரே ஒரு விஷயம், ரொம்ப சீரியஸா: முக்கொம்புலயும் கல்லணையிலயும் தண்ணியில இறங்காதீங்க. மேல மதகு திறந்தா நீர்மட்டம் சட்டுனு ஏறும், அடியில சுழல் இருக்கும், மணல் குழி இருக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே போயிருக்காங்க. ரீல்ஸ் கரையில நின்னே எடுக்கலாம்.

கல்லணையில யானை மேல உக்காந்திருக்கற கரிகாலன் சிலை முன்னாடி எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க. நீங்களும் எடுங்க. எடுத்துட்டு அப்படியே மதகு மேல நடந்து போய், ஷட்டரைத் தூக்கற அந்தப் பல்சக்கரத்துல கிரீஸ் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. இருந்துச்சுன்னா, யாரோ ஒருத்தர் கேக் இல்லாம வேலை பாத்திருக்கார்னு அர்த்தம். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். வரட்டுமா!